ஏற்றலாம், இறக்க முடியாது

கிரிதாரா காஸ்டிங்ஸ் கம்பெனியின் பங்கு ஒன்று தொண்ணூறு பைசாவுக்கு விற்ற காலத்தில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் டீ மூன்று ரூபாய். மூன்று பங்கை விற்றுவிட்டு டீ குடித்தால் கடைக்காரரிடம் முப்பது பைசா கடன் சொல்ல வேண்டும். அப்பேர்ப்பட்ட பங்கை ஒன்று மூன்று ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறேன், கம்பெனியையே ஷேர் மார்க்கெட்டிலிருந்து எடுத்துவிடப் போகிறேன் என்று அதன் முதலாளி அசோக்குமார் 2009-இல் எல்லோருக்கும் தபால் அனுப்பினான். இதில் என்னவோ இருக்கிறது என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. புளி மண்டியில் வளர்ந்திருந்தால் போதும். நான் கிருஷ்ணகிரியில் அப்படித்தான் வளர்ந்தேன். மண்டிக்கு வருகிறவன் எவனும் சரக்கைக் குறை சொல்லித்தான் வாங்குவான். கேட்காமலேயே விலையை ஏற்றித் தருகிறேன் என்று ஒருவன் வந்தால், அப்பா மூட்டையை அவிழ்த்து அதில் என்ன இருக்கிறது என்று மறுபடி பார்ப்பார்.

அப்போது எனக்கு ஓசூர் பாகலூர் ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், ஷேர் புரோக்கர் கடை. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஃபேன், கீழேயிருந்து வருகிற பஃப்ஸ் வாசனை. அந்தத் தபாலோடு முதலில் என் மாடிப்படி ஏறியவள் ருக்மணி.

ருக்மணிக்குச் சூளகிரியில் கொத்தமல்லி மொத்த வியாபாரம். விடிவதற்குள் விவசாயிகளிடம் கட்டுக் கட்டாக வாங்கி, பெங்களூர் லாரியில் ஏற்றிவிட்டு, பத்து மணிக்கு மற்ற வேலைகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவாள். கட்டுக்குக் கால் ரூபாய் குறைக்க அரைமணி நேரம் நின்று பேசுகிறவள். அன்று பேச்சைச் சுருக்கிக்கொண்டாள்.

"பொன்னுசாமிண்ணா, இவன் எதுக்கு எனக்கு லெட்டர் போட்டிருக்கறான்?"

"பங்க வாங்கிக்கறானாம்மா. ஒண்ணுக்கு மூணு ரூபா."

"அன்னிக்கு ஒரு ரூபாய்க்கு விக்க உட்டானா?"

அவள் எந்த நாளைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அங்கே நின்றவர்களில் நானும் ஒருவன்.

நடந்தது இதுதான். 1994-இல் அசோக்குமார் சூளகிரி பக்கத்தில் ஹைவேயை ஒட்டி ஐம்பது ஏக்கர் வாங்கினான். முப்பத்திரண்டு குடும்பத்து நிலம். பாதி விலை பணமாக, பாதி விலை பங்காக. "நாளையிலிருந்து நீங்களும் மொதலாளிங்கதான்" என்று ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுச் சொன்னான். ருக்மணியின் புருஷன் கங்கப்பன் ஒன்றரை ஏக்கர் கொடுத்தான். அதற்குப் பன்னிரண்டாயிரம் பங்கு வந்தது. பத்து ரூபாய்ப் பங்கு. பிறகு கம்பெனிக்கு வந்த நல்ல ஆர்டர்கள் எல்லாம் அசோக்குமாரின் பெண்டாட்டி பெயரில் இருந்த இன்னொரு கம்பெனிக்குப் போயின. நஷ்டம் மட்டும் இங்கேயே தங்கிக்கொண்டது. பங்கு டீ விலைக்கும் கீழே இறங்கியது.

2002-இல் கங்கப்பனுக்குச் சர்க்கரை வியாதியில் காலில் புண். பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்பணம் பன்னிரண்டாயிரம் கேட்டார்கள். நான் அலைந்து, பங்கு ஒன்றுக்கு ஒரு ரூபாய் தர ஒரு பெங்களூர்க்காரரைப் பிடித்தேன். கணக்கு சரியாக இருந்தது. அவர்களுடைய பங்கு எல்லாம் அப்போது காகிதம்தான். விற்றால் கம்பெனி அலுவலகத்தில் பெயர் மாற்றிக் கொடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பணம். மாற்றல் பாரத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. கங்கப்பன் 1994-இல் தெலுங்கில் போட்டிருந்தான், இப்போது தமிழில் போட்டிருந்தான். சரியென்று தெலுங்கில் போட்டு எடுத்துப் போனேன். கை நடுங்கியிருக்கிறது, பொருந்தவில்லை என்றார்கள். பேங்க் மேனேஜரின் சான்றோடு மூன்றாம் தடவை போனேன். சீல் தெளிவாக விழவில்லை.

இப்படியே ஏழு வாரம். பங்குக் கணக்கு எழுதுகிறவரின் மேசைக்கும் அசோக்குமாரின் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. கங்கப்பனும் ருக்மணியும் இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவைத் திறந்து, ஆள் நிலைமை இது, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அவன் பெஞ்சைப் பார்த்தான், துணி சுற்றிய காலைப் பார்த்தான்.

"பொன்னு, ரூல்னா ரூல்தான். நான் மொதலாளிங்கறதுக்காக மீற முடியுமா?"

கால் முழங்காலுக்குக் கீழே போனது. ஆறு மாதத்தில் கங்கப்பனும் போனான். பங்கு ருக்மணியின் பெயருக்கு வந்தது. அதற்கு மட்டும் ஒரே வாரம்தான் ஆயிற்று. வாரிசுக்கு மாற்றினால் யாருக்கும் யாரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா.

இப்போது ஹைவே நாலு வழியாகிவிட்டது. பெங்களூர் ஆட்கள் அளவுக் கருவியும் முக்காலியுமாக வந்து அந்த ஐம்பது ஏக்கரை அளந்துகொண்டு போனதை ஊரே பார்த்தது. கம்பெனியோடு சேர்த்து நாற்பத்தைந்து கோடிக்குப் பேசியிருக்கிறான் என்று பத்திர எழுத்தர் ஒருவர் என்னிடம் சொன்னார். நிலத்தைத் தனியாக விற்றால் வரி நிறையப் போகும், அதனால் கம்பெனியாகவே கைமாற்றுகிறான். அதற்கு முன்னால் கம்பெனி மார்க்கெட்டை விட்டு வெளியே வந்து அவன் ஒருவன் பிடிக்குள் இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த மூன்று ரூபாய்.

"அப்ப மூணு ரூபாய்க்குக் குடுத்துட்டுப் போகணுமா?" என்றாள் ருக்மணி.

"இல்லம்மா. மூணு அடிமட்டம், அவ்ளோதான். அஞ்சு நாள் டைம். பங்கு வெச்சிருக்கறவங்க அவங்கவங்க கேக்கற வெலைய எம்மாதிரி ஆளுங்க மூலமா கம்ப்யூட்டர்ல போடணும். எந்த வெலைல அதிகப் பங்கு சேருதோ அதுதான் எல்லாருக்கும் வெல. அந்த வெலைக்கு வாங்கி, மொத்தத்துல நூத்துக்குத் தொண்ணூறு பங்கு அவன் கைல சேரணும். அவனுக்குக் கட்டாதுன்னா உட்டுட்டுப் போலாம். ஆனா மறுபடி ஆறு மாசத்துக்கு வாயத் தொறக்க முடியாது."

"வெல சொல்றது நாங்களா?"

"நீங்கதான்."

"அவன் இல்ல?"

"அவன் இல்ல."

அவள் ஃபேனுக்குக் கீழே வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். முழு சொம்பையும் குடித்தாள்.

நிலம் கொடுத்த முப்பத்திரண்டு குடும்பத்திடமும் சேர்த்து நாலு லட்சம் பங்கு இருந்தது. அந்த நாலு லட்சம் வராமல் அவனால் தொண்ணூறைத் தொட முடியாது. அவர்கள் எல்லோருடைய காகிதத்தையும் முன்பே கம்ப்யூட்டர் கணக்குக்கு மாற்றிவைத்தவன் நான்தான் என்பதால் எனக்கு இது தெரியும். ஞாயிற்றுக்கிழமை திம்மராயனின் தக்காளிக் கொட்டகையில் எல்லோரையும் கூட்டினோம். திம்மராயனுக்கு இரண்டு ஏக்கர் போயிருந்தது, சத்தம் மட்டும் போகவில்லை.

"குடுத்தா பத்து ரூபா குடுக்கட்டும்பா. போட்ட காசு வந்துது பாரு, அதுவே பெரிசு" என்றான்.

"இருபது கேளு."

"கேக்கறதுதான் கேக்கற, அம்பது கேளேன். வாய் என்ன வாடகைக்கா வாங்கிட்டு வந்த?"

"ஐந்நூறு" என்றாள் ருக்மணி.

நான் கணக்கைச் சொன்னேன். நாற்பத்தைந்து கோடியை முப்பது லட்சம் பங்கால் வகுத்தால் ஒன்றுக்கு நூற்றைம்பது. ஆனால் பெங்களூர்க்காரர்கள் பணம் தருவதற்கு முன்னாலேயே அவன் நமக்குப் பணம் கட்ட வேண்டும். அவனால் கடன் புரட்ட முடிகிற அளவுக்குத்தான் கேட்க முடியும். வீடு, மனைவி கம்பெனி எல்லாவற்றையும் அடகு வைத்தால் நூற்று நாற்பது வரை தாங்குவான். அதற்கு மேலே போனால் ஓடிவிடுவான்.

"ஓடட்டுமே" என்றாள் ருக்மணி.

"அவன் ஓடினா நமக்கு என்ன வருது ருக்கு? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது" என்றான் திம்மராயன்.

"உங்களுக்குப் பணம் வேணும் மாமா. எனக்கு அவன் வேணும்."

யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவளே, "நூத்தி நாப்பதே போடுங்க. உங்க வீட்டுச் சோத்துல மண்ணப் போட நான் வரல" என்று சொல்லிப் பாரத்தில் முதல் கையெழுத்தைப் போட்டாள்.

திங்கட்கிழமை ஏலம் ஆரம்பித்தது. முதல் நாளே அசோக்குமாரின் மச்சான்கள், டிரைவர்கள், தோட்டக்காரன் பெயரிலெல்லாம் மூன்று லட்சம் பங்கு மூன்று ரூபாய்க்கு வந்து விழுந்தது, அதிகப் பங்கு சேர்கிற விலை அதுவாகவே இருக்கட்டும் என்று. செவ்வாய்க்கிழமை நாங்கள் நாலு லட்சத்தையும் நூற்று நாற்பதில் போட்டோம். எந்த விலையில் எத்தனை பங்கு என்று மார்க்கெட்டின் திரையில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவனும் பார்த்திருப்பான். ஆனால் அவனிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லியாக வேண்டும்.

அவனுடைய அப்பா குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தையில் பேர்பெற்ற தரகர். சந்தையில் கையைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே விற்கிறவன் காலையில் ஆகாயத்தில் நிற்பான், வெயில் சாயச் சாய இறங்கி வருவான். மாட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போக எவனுக்கும் மனசு வராது. கெட்டிக்கார வியாபாரி நாள் முழுக்க மாட்டின் பக்கமே போகாமல், பொழுது இறங்கும்போது வந்து துண்டைப் போடுவான். அசோக்குமாருக்கு வியாபாரம் என்றால் இதுதான். எனக்கும் இதுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் இந்தப் பங்குச் சந்தையைக் கட்டினவர்கள் யாரும் மாடு விற்றவர்கள் இல்லை. கேட்ட விலையை நாலாம் நாள் வரைக்கும் மேலே ஏற்றலாம், அல்லது மொத்தமாக வாபஸ் வாங்கலாம். கீழே இறக்க முடியாது. ஐந்தாம் நாள் போட்டதைத் தொடவே முடியாது. தபாலோடு வந்த முப்பது பக்கப் புத்தகத்தில் இது பத்தொன்பதாம் பக்கம். அவன் தன் கம்பெனியின் புத்தகத்தைத் தானே படிக்கவில்லை. சென்னையில் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கும்போது தான் எதற்குப் படிக்க வேண்டும் என்று இருந்திருப்பான்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு ருக்மணி வந்தாள். அன்றைய வேலை முடிய அரைமணி இருந்தது.

"அண்ணா, எம் பேர்ல இருக்கறத மட்டும் மாத்தணும்."

"எறக்க முடியாதும்மா."

"யாரு எறக்கச் சொன்னது? ஐந்நூறு போடு."

நான் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தேன். மற்றவர்கள் நூற்று நாற்பதில் இருப்பதால் விலை நூற்று நாற்பதாகத்தான் நிற்கும், ஐந்நூறு கேட்ட அவள் பங்கை மட்டும் எடுக்காமல் தள்ளிவிடுவார்கள் என்று சொன்னேன். பதினாறு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் கைக்கு வராது.

"தெரியும்."

"அது எத்தன கட்டுக் கொத்தமல்லி தெரியுமா?"

"கட்டுக் கணக்கு உனக்கு மேல எனக்குத் தெரியும்ணா. மத்தவங்களுக்கு இதால ஏதாவது கொறையுமா?"

"கொறையாது. பன்னண்டாயிரம் போனாலும் நம்ம பக்கம்தான் அதிகம்."

"அப்பறம் என்ன? அவரு காலத் தூக்கி பெஞ்சு மேல வெச்சிக்கிட்டு, வித்துக் குடுங்கன்னு ஏழு வாரம் உக்காந்திருந்தாரு. அன்னிக்கு வேணாம்னவனுக்கு இன்னிக்கு வேணும்னா நான் ஏன் குடுக்கணும்? கெடக்கட்டும். அவன் கம்பெனில ஒரு முள்ளாட்டம் நான் கெடக்கறேன்."

பணத்தை வேண்டாம் என்கிற வாடிக்கையாளரை அதுவரை நான் பார்த்ததில்லை. ஐந்து, பூஜ்யம், பூஜ்யம் என்று மூன்று விசையை அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, நான் நினைத்தபடியே, அசோக்குமார் படியேறி வந்தான். வெள்ளைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி. கீழே பேக்கரியில் சொல்லி எனக்கும் சேர்த்துப் பஃப்ஸ் வரவழைத்தான். எனக்கு முன்னால் உட்கார்ந்து, கைக்குட்டையை உதறி, மேசைமேல் இருந்த என் கையின் மேல் போட்டான்.

"சந்தைக்காரன் சந்தைக்காரன்கிட்ட பேசறதுதான் முறை. அந்தக் கம்ப்யூட்டர் பொட்டி முன்னால எதுக்கு பொன்னு? ஊர்க்காரங்க உன் பேச்சக் கேப்பாங்க. வெயில் சாயட்டும்னு நாலு நாளா காத்திருந்தேன்."

கைக்குட்டைக்குள் என் விரலைப் பிடித்தான். பன்னிரண்டு. நான் கையை இழுத்துக்கொண்டேன். மறுபடி போட்டான். இருபது. நான் பஃப்ஸைக் கடித்தேன். முட்டை பஃப்ஸ், சூடாக இருந்தது. முப்பத்தைந்து. "அந்த ஜனங்க மூஞ்சியப் பாத்துத்தான் தர்றேன்" என்றான். நாற்பத்தைந்துக்கு வந்தபோது எனக்குத் தனியாக இரண்டு லட்சம் என்றான். எழுபதுக்கு வந்தபோது அது ஐந்து லட்சமாயிற்று. நான் பெருமூச்சு விட்டேன், தலையைச் சொறிந்தேன், திம்மராயன் ஒத்துக்கொள்ள மாட்டானே என்றேன். எண்பது. ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தொண்ணூற்றைந்தில் என் விரல் அவன் விரலைத் திருப்பி அழுத்தியது.

அவன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான். நெற்றியைத் துடைத்துக்கொள்ள அது தேவைப்பட்டது, மறுபடி எடுத்தான்.

"போடு. தொண்ணூத்தஞ்சு போடு."

நான் கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

"முடியாதுங்க. மாத்தறதா இருந்தா நேத்து மூணரை மணிக்குள்ள மாத்தியிருக்கணும். அதுவும் மேல ஏத்தறதுன்னாதான். எறக்கறது என்னிக்குமே கெடையாது."

"வெளயாடறியா?"

"சென்னை ஆளுக்குப் போன் போட்டுக் கேளுங்க."

போட்டான். கொஞ்ச நேரம் கேட்டான். கேட்கக் கேட்க அவன் காது சிவந்தது. போனை வைத்துவிட்டு, "அப்பறம் எதுக்குடா ஒரு மணி நேரமா பேசின?" என்றான்.

"நீங்க வெரலப் புடிச்சீங்க. நானும் புடிச்சேன். அந்தக் காலத்துல உங்க ஆபீசுல நானும் இப்படித்தான் உக்காந்திருப்பேன், ஞாபகம் இருக்குதுங்களா?"

ரூல் என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொல்லவில்லை. படியிறங்கும்போது அவனாக நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

விலை நூற்று நாற்பதாக நின்றது. வேண்டாம் என்று அவன் தள்ளியிருக்கலாம். ஆனால் பெங்களூர்க்காரர்கள் நவம்பர் முப்பது வரைக்கும்தான் கெடு கொடுத்திருந்தார்கள். ஆறு மாதம் காத்திருக்க வழியில்லை. வீட்டையும் மனைவியின் கம்பெனியையும் அடகு வைத்து, ஒரு பெங்களூர் பைனான்ஸ்காரரிடம் பத்துக் கோடி வாங்கிக் கட்டினான். அக்டோபர் முதல் வாரம் ஊருக்குள் பணம் வந்தது. திம்மராயன் டிராக்டர் வாங்கிக்கொண்டு நேராக என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, பேக்கரிக்கு வந்தவர்களையெல்லாம் வழிமறித்தான். ருக்மணி எப்போதும்போல விடிகாலையில் கொத்தமல்லி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் நடுவில் ஒருநாள் அதிகாலை அசோக்குமாரின் கார் என் வீட்டு முன்னால் நின்றது. ஏறு என்றான். பெங்களூர்க்காரர்களின் வக்கீல் பட்டியலைப் பார்த்துவிட்டாராம். நிலம் கொடுத்த குடும்பங்களில் ஒருவர்கூடப் பங்குதாரராக இருக்கக் கூடாது, நாளைக்கே நிலத்தின்மேல் கேஸ் போட்டால் யார் அலைவது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததாம். பட்டியலில் ஒரு பெயர் மிச்சம் இருந்தது.

சூளகிரி கொத்தமல்லிச் சந்தையில் போய் இறங்கினோம். தரை முழுக்க ஈரத் தழை. அவனுடைய பளபளப்பான ஷூ வழுக்கியது, என் தோளைப் பிடித்துக்கொண்டான். ருக்மணி ஒரு விவசாயியோடு விலை பேசிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள், பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். அந்த விவசாயி போனதும் இன்னொருவரைக் கூப்பிட்டாள். அப்புறம் இன்னொருவரை. முக்கால் மணி நேரம் கழித்து, லாரி கிளம்பியதும்தான் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"எத்தன கட்டு வேணும்? இன்னிக்கு ரெண்டு ரூபா."

"அம்மா" என்றான் அசோக்குமார். அவன் அவளை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நீங்க போட்ட வெலையே தர்றேன். ஐந்நூறு. அறுபது லட்சம் வருது. இன்னிக்கே செக்."

"அது போட்டப்ப போட்டது."

"எழுநூறு."

அவள் கீழே சிந்திய தழையைப் பொறுக்கிக் கட்டினாள்.

"ஆயிரம். ஒரு கோடிக்கு மேலம்மா. ஒரு கோடி இருபது லட்சம்." அவன் குரல் கீழே போய்விட்டது. "மாசம் இருபது லட்சம் வட்டி கட்டறேன். வீடு அவன்கிட்ட இருக்குது. முப்பதாம் தேதிக்குள்ள முடியலன்னா பெங்களூர்க்காரன் வேற எடம் பாத்துக்குவான். ஒரே ஒரு பங்கு உங்க பேர்ல இருந்தாக்கூட கையெழுத்துப் போட மாட்டேங்கறான்."

ருக்மணி நிமிர்ந்தாள்.

"ஒண்ணு இருந்தாக்கூடவா?"

"ஒண்ணு இருந்தாக்கூட."

"அது எந்தக் காலம் வரைக்கும்? இந்தப் பெங்களூர்க்காரனுக்கு மட்டும்தானா, வேற யாரு வந்தாலுமா?"

"நெலம் வாங்க வர்ற எந்த வக்கீலும் இதத்தாம்மா கேப்பான்" என்றான். பாவம், அவள் மனசு இளகுகிறது என்று நினைத்துவிட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். இருபது வருடம் விலை பேசிய எனக்கு அந்தப் பார்வை புரிந்தது. அவனுக்குப் புரியவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அவனிடம்.

"எப்ப வரட்டும்?"

"ஏழு வாரம் ஆகும்."

அவன் தேதியை எண்ணினானோ, பெஞ்சை நினைத்தானோ, எனக்குத் தெரியாது. பிறகு பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்துக் காருக்குப் போனான். என்னை ஏறச் சொல்லவில்லை. நான் பஸ்ஸில் வந்தேன். வழி முழுக்க ஒரு கோடி இருபது லட்சம் என் மடியில் உட்கார்ந்து வந்தது. எனக்கு வந்த பணம்கூட இல்லை, இருந்தும் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

நவம்பர் முப்பது போயிற்று. பெங்களூர்க்காரர்கள் அத்திப்பள்ளி பக்கம் வேறு இடம் முடித்தார்கள். அசோக்குமாரின் இரண்டு கார்கள் விற்பனைக்கு வந்தன. வீட்டுக் கேட்டில் பைனான்ஸ்காரரின் ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று திம்மராயன் டிராக்டரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அந்தப் பக்கம் அவனுக்கு வேலை எதுவும் இல்லை.

டிசம்பர் பத்துவாக்கில் ருக்மணி என் கடைக்கு வந்தாள்.

"அண்ணா, மார்க்கெட்ட உட்டு வெளிய போனப்பறமும் ஒரு வருசத்துக்கு, யாரு கொண்டுவந்தாலும் அதே நூத்தி நாப்பதுக்கு அவன் வாங்கித்தான் ஆகணுமாமே. அந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்குதுன்னு எம் பொண்ணு படிச்சுச் சொன்னா."

"ஆமாம்மா. வாங்கலன்னா கேஸ்."

"இப்ப அவன்கிட்ட காசு இல்லியே?"

"இல்லதான். எதையாவது வித்துத்தான் குடுக்கணும்."

"பாரம் எடு."

எடுத்தேன். பெயர், கணக்கு எண் எல்லாம் எழுதினேன். பங்கின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் பன்னிரண்டாயிரம் என்று எழுதப் பேனாவை வைத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒண்ணு கொறச்சு எழுது."

பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று எழுதினேன். கட்டத்துக்குள் கொள்ளவில்லை, வெளியே வழிந்தது. எழுதி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. கங்கப்பன் போட்டதுபோலவே தெலுங்கில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"இந்த ஒரு பங்குக்கு வருசா வருசம் மீட்டிங்குக்கு லெட்டர் வருமில்ல?"

"வரும். சட்டப்படி அனுப்பணும்."

"ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பச் சொல்லி எழுதிக் கேக்கலாமா?"

"கேக்கலாம்."

"தபால் செலவு யாரோடது?"

"எழுதிக் கேட்டா அவனோடதுன்னு வாங்கிடலாம்மா. நான் பாத்துக்கறேன்."

"எழுது" என்று சொல்லி, நாற்காலியை என் மேசைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.